அஸ்தினாபுரத்துச் சுவரில் ஒரு போர்னியோக்காரர்

"இந்தியாவுக்கு எதுக்கு வந்திருக்கார்?" என்று விமான நிலையத்து அதிகாரி என்கூட வந்த ஜிம்புனைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"ஒரு போட்டோ பார்க்க சார்."

"எங்க இருக்கு?"

"அஸ்தினாபுரத்துல. என் ஃபிரெண்டு வீட்டு ஹால்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போன்ல அனுப்பச் சொல்லியிருக்கலாமே?" என்றார். நியாயமான கேள்விதான். வரிசையில் பின்னால் நின்ற ஐம்பது பேரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் பதிலைச் சுருக்கிவிட்டேன். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை, முழுதாகச் சொல்கிறேன்.

நான் சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்துக்காரன். பெயர் சிராஜுதீன். இருபத்திரண்டு வருஷமாகக் குச்சிங்கில் துணிக்கடை வைத்திருக்கிறேன். போர்னியோத் தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ள ஊர் அது. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து தங்கச்சி வீட்டில் பத்து நாள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சட்டைப் பொத்தான் போட முடியாமல் திரும்பிப் போவேன். இந்தத் தடவை பக்கத்து வீட்டு ஜிம்புனையும் கூட்டிக்கொண்டு வந்தேன். வயது அறுபத்தொன்று. மழைக்காட்டு ஆற்றோரம் வாழ்கிற இபான் மக்களில் ஒருவன். ஒரே கூரைக்கு அடியில் முப்பது குடும்பம் வரிசையாகக் குடியிருக்கும் நீளவீட்டில் பிறந்து, அரசாங்கப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவன். அவனுக்குக் கோபமே வராது. அவன் பங்கையும் சேர்த்து எனக்கு வரும்.

போன வருஷம் என் பள்ளிக்கூடத் தோழன் மோகனின் அறுபதாம் கல்யாணத்துக்கு அஸ்தினாபுரம் போயிருந்தேன். அவன் வீட்டு ஹாலில் நின்று எடுத்த போட்டோவை என் போனில் பார்த்த ஜிம்புன், எங்கள் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினான். அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டு, "இது எங்கள் ஆள்" என்றான்.

நான் சிரித்தேன். அந்தப் படத்தில் இருப்பவர் மோகனின் கொள்ளுத் தாத்தா வேதாசலம் என்பது அஸ்தினாபுரத்தில் கீரை விற்கிறவருக்குக்கூடத் தெரியும். அந்தக் காலத்தில் கப்பலேறிக் குச்சிங்குக்குப் போய், ஒரு வெள்ளைக்காரனின் போட்டோ ஸ்டூடியோவில் உதவியாளராக இருந்தவர். ஊர் திரும்பி அவரும் காலமாகி, அவர் முகம் தெரிந்தவர்களும் போன பிறகு பெட்டியைத் திறந்தால் உள்ளே சட்டம் போட்ட ஒரே ஒரு ஆண் படம், கோட்டும் தலைப்பாகையுமாக, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிற படம். தாத்தா பெட்டியில் தாத்தா படம் இல்லாமல் வேறு யார் படம் இருக்கும்? எடுத்து மாட்டிவிட்டார்கள். முகம் நம் ஊர் ஜாடையாக இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, வெளியூர்த் தண்ணீர் முகத்தை மாற்றிவிட்டது என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். மடியில் வைத்திருந்த கை விரல்கள் கறுத்திருந்தன. அது கல்யாண மருதாணி என்று முடிவாகி, அவருக்கு 'மாப்பிள்ளைத் தாத்தா' என்று பெயரும் வைத்தாயிற்று.

ஜிம்புன் வீட்டுக் கதை வேறு. அந்த நாளில் காட்டு மக்களைப் படம் பிடித்து, அஞ்சலட்டையாக அச்சடித்து, கப்பல் கப்பலாகச் சீமைக்கு அனுப்புவார்கள். அவனுடைய கொள்ளுத் தாத்தாவை நகரத்துக்கு வரவழைத்து, சாதாரண நாளில் அவர் போடாத இறகையெல்லாம் தலையில் செருகி, கையில் கேடயம் கொடுத்து, அசையாமல் இருக்கப் பிடரிக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வைத்து எடுத்தார்களாம். அந்த அட்டையில் பாதி முகத்தைக் கேடயம் மறைத்துவிட்டது. கீழே, வெள்ளைக்காரர்கள் அந்தக் காட்டு மக்களுக்கு வைத்த பொதுப் பெயரில் 'ஒரு டயாக் தலைவன்' என்று போட்டிருக்கிறதே தவிர, பெயர் இல்லை. அவருக்கு நல்ல பெயர் இருந்தது. ஞாங்காவ்.

வெள்ளைக்காரன் சாப்பிடப் போன பிறகு அங்கே இருந்த தமிழ் உதவியாளர், "உனக்குப் பிடித்த மாதிரி ஒன்று எடுக்கட்டுமா?" என்று சைகையால் கேட்டிருக்கிறார். ஞாங்காவுக்குப் பிடித்திருந்தது அந்த உதவியாளர் போட்டிருந்த கோட்டும் தலைப்பாகையும்! இவர் கழற்றிக் கொடுத்தார், அவர் போட்டுக்கொண்டார், படம் எடுத்தாயிற்று. அடுத்த தடவை ஆற்றிலிருந்து வரும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார் உதவியாளர். ஞாங்காவ் திரும்பி வந்தபோது ஸ்டூடியோ மூடியிருந்தது.

போட்டோ ஸ்டூடியோக்காரர் சொன்ன நாளில் படம் கொடுத்ததாக உலகத்தில் எங்குமே கேள்விப்பட்டதில்லை. அதற்காக நாலு தலைமுறையா? ஜிம்புனின் அக்காவுக்கு இப்போது எழுபத்தெட்டு. நீளவீட்டிலிருந்து யார் டவுனுக்குப் போனாலும் "அப்படியே தாத்தா போட்டோ வந்துவிட்டதா, கேட்டுக்கொண்டு வா" என்று சொல்லி அனுப்புவது அந்த அம்மாவின் பழக்கம். முழு முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதைக் கேட்டு வாங்கத்தான் ஜிம்புன் வந்தான். இந்த விஷயத்தை மோகனிடம் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒரு நண்பனோடு வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

முதல் நாள் கோவளத்தில் மீன் ஏலத்துக்குப் போனோம். ஜிம்புன் ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். மீன்கார அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னா பாய், யாரு இந்த ஆளு? மணிப்பூரா?"

"மலேசியா அக்கா."

"எந்த ஊரா இருந்தா இன்னா? செவுளத் தொறந்து பாக்குறான், கண்ணு பாக்குறான், வயித்த அமுக்குறான். மீன் வாங்க வந்தானா, பொண்ணு பாக்க வந்தானா?"

நான் மொழிபெயர்த்தேன். அவன் மலாய் மொழியில், "இது நேற்றைய மீன் என்று அவருக்கும் தெரியும்" என்றான். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்த முறைப்பில் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. அந்த அக்கா கூடைக்கு அடியிலிருந்து இன்னொரு மீனை எடுத்துப் போட்டு, "இந்தா, இத்த தூக்கினு போ, ஆள வுடு" என்றார். குச்சிங் சந்தையில் மீன் விற்கிறவர்கள் புன்னகையோடு பையில் போட்டுத் தருவார்கள். திட்டு வாங்காத மீனில் எனக்கு ருசியே தெரிவதில்லை.

அன்றைக்குத் தங்கச்சி வீட்டில் மீன் வறுவலும் பிரியாணியும். ஜிம்புன் மூன்றாம் தடவை சோறு வாங்கியபோது தங்கச்சி என்னைப் பார்த்து, "இவரு நல்ல மனுஷன் அண்ணா. உன்ன மாதிரி குறை சொல்லிக்கிட்டே சாப்பிடல" என்றாள். சொந்த ஊரில் எனக்குக் கிடைக்கிற மரியாதை இதுதான்.

இரண்டாம் நாள், அஸ்தினாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தாம்பரம் போக பஸ் பிடித்தோம். எனக்குத் தெரியாத பஸ்ஸா என்ற திமிரில் முன்னால் நின்ற வண்டியில் ஜிம்புனைத் தள்ளி ஏற்றினேன். கண்டக்டர் வந்தார்.

"தாம்பரம் ரெண்டு."

"தாம்பரமா? இது சிறுசேரி போவுது சார். போர்டு அம்மாம் பெருசா கீதே, ஏறும்போது இன்னா பண்ணிகினு இருந்த?"

"போர்டு சரியா தெரியல."

"பாய், போர்டு தெரியுது. ஒனக்குத்தான் தெரியல."

வண்டியே சிரித்தது. ஜிம்புன் என்னவென்று கேட்டான். வழியில் உனக்கு ஐடி கம்பெனிகளைச் சுற்றிக்காட்டப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

சிறுசேரியில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பெரிய கம்பெனியின் வாசலில் நிழல் தெரிந்ததால் அங்கே ஒதுங்கினோம். நிழலில் பட்டுப் புடவை கட்டிய நாலு பெண்கள் தட்டில் சந்தனம், குங்குமம், ரோஜா மாலையோடு நின்றார்கள். ஜிம்புன் அன்றைக்குப் புத்தம்புது பாத்திக் சட்டை போட்டிருந்தான். அவனைப் பார்த்ததும் ஒரு பெண் "சார் வந்துட்டார்!" என்று கத்தினாள். நான் வாயைத் திறப்பதற்குள் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம், கழுத்தில் முழங்கால் வரைக்கும் மாலை.

"இல்லம்மா, இவர்..." என்றேன்.

"டிரைவர் அண்ணா, நீங்க அப்படி செக்யூரிட்டி ரூம் பக்கம் வெயிட் பண்ணுங்க" என்றாள் அந்தப் பெண்.

டிரைவர்! குச்சிங்கில் இரண்டு மாடிக் கடை வைத்திருக்கிறேன், நான் டிரைவர். செக்யூரிட்டிக்காரர் எனக்குப் பாதி வடை கொடுத்து, "உங்க சார் தங்கமான ஆளா தெரியறார். வேலை செய்யறவங்களுக்கு மரியாதை குடுப்பாரா?" என்று விசாரித்தார். முக்கால் மணி நேரம் கழித்து, மாலை கலையாமல், கையில் இளநீரோடு ஜிம்புன் வெளியே வந்தான். உள்ளே ஒரு மரக்கன்று நட்டானாம். ஏதாவது பேசச் சொன்னார்களாம். மழைக்காலத்தில் ஆற்றில் படகைத் திருப்புவது எப்படி என்று மலாயில் சொல்லிவிட்டு வந்தானாம். நல்ல கைதட்டலாம்.

அப்போதுதான் உண்மையான விருந்தாளியின் கார் வந்து நின்றது. டிரைவர் அண்ணா என்று கூப்பிட்ட பெண் என்னிடம் ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"சார், ப்ளீஸ் சார், இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நீங்க எங்க போகணும்? நானே கேப் புக் பண்ணித் தர்றேன்."

"அஸ்தினாபுரம்" என்றேன் மிடுக்காக. கம்பெனிப் பெயரை இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லப் போவதில்லை.

வண்டியில் ஏறியதும் ஜிம்புன், "இந்த மாலையைக் கழற்றலாமா? கழற்றினால் போட்டவர்கள் வருத்தப்படுவார்களா?" என்று கேட்டான். எனக்கு டிரைவர் பட்டம் கொடுத்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. "கழற்றாதே. அப்படியே கிட" என்றேன். அந்த வாயை அன்றைக்கு மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

அன்று அமாவாசை. மோகனின் மனைவி பத்மா, ஒவ்வொரு அமாவாசைக்கும் மாப்பிள்ளைத் தாத்தாவுக்குப் படையல் போடுகிறவள். வாழை இலை, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம், கடைசியில் தயிர் சாதம். படத்துக்குப் புது ரோஜா மாலை, நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கற்பூரம் காட்டிக் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறக்கிறாள், வாசலில் மணி அடிக்கிறது. கதவைத் திறந்தால் தாத்தா நிற்கிறார். அதே முகம், அதே மாலை, அதே பொட்டு. கையில் மட்டும் இளநீர்.

"ஐயோ, தாத்தா!" என்று ஒரே அலறல். தடாலென்று காலில் விழுந்தாள்.

உள்ளேயிருந்து மோகன் ஓடி வந்தான். படத்தைப் பார்த்தான், ஜிம்புனைப் பார்த்தான், மறுபடியும் படத்தைப் பார்த்தான், சோபாவில் உட்கார்ந்துவிட்டான். ஜிம்புன் பதறிப்போய்ப் பத்மாவைத் தூக்கி நிறுத்த, அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"பத்மா, இவன் என் ஃபிரெண்டு. குச்சிங்லேர்ந்து வந்திருக்கான்" என்றேன்.

அவள் முகம் மாறியது. "குச்சிங்கா? தாத்தா வேலை பாத்த ஊரா?" மெதுவாக மோகன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, உங்க தாத்தா அங்க ஒரு சம்சாரம் வெச்சிருந்தாரா?"

"அடப்பாவித் தாத்தா!" என்றான் மோகன்.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் பத்மா ஜிம்புனைப் படத்துக்கு நேர் கீழே பாயில் உட்கார வைத்து, இலை போட்டு, "பங்காளி வீட்டு ஆளுங்க, வெறும் வயிறா நிக்க வெக்கலாமா?" என்று பரிமாற ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் பசி. மோகன் என் காதோரம் வந்து, "டேய் சிராஜு, பங்காளின்னா வீட்ல பங்கு கேப்பானாடா?" என்றான். நான் இன்னொரு வடையை வாயில் போட்டுக்கொண்டேன்.

சாப்பிடச் சாப்பிட பத்மா தாத்தாவின் பெருமையைச் சொன்னாள். "எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். வாழ்க்கை முழுக்க சுத்த சைவம். அந்த விரலப் பாருங்க, மருதாணி எப்படிச் செவந்திருக்கு. பொண்டாட்டி மேல அவ்ளோ பிரியம்."

ஜிம்புன் நிமிர்ந்து படத்தின் விரல்களைப் பார்த்துவிட்டு, சோற்றைப் பிசைந்தபடியே என்னிடம் மலாயில் சொன்னான். "அது மருதாணி இல்லை, பச்சை. போரில் எதிரியின் தலையை வெட்டி எடுத்தவர்கள்தான் விரலில் குத்திக்கொள்வார்கள். ஒரு தலைக்கு ஒரு விரல் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எண்ணிப் பார், ஏழு."

"என்ன சொல்றார்?" என்று பத்மா ஆவலாகக் கேட்டாள்.

"தாத்தா ரொம்ப உழைப்பாளியாம்" என்றேன்.

அவள் பூரித்துப் போனாள். பிறகு ஒரு கரண்டி தயிர் சாதத்தை அவன் இலையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அண்ணா, அவருக்கு இதச் சொல்லுங்க. இந்த வீட்டுக்கு நான் வந்து முப்பது வருஷம் ஆச்சு. நான் பேசறத குறுக்க பேசாம கேட்ட ஒரே ஆம்பள இந்தத் தாத்தாதான். எங்க பொண்ணு பரீட்சை, எங்க வீட்டுக்காரரோட ஆபரேஷன், மாமியாரோட சண்டை, எல்லாம் முதல்ல தாத்தாகிட்டதான் சொல்வேன். காலையில காபி போட்டாக்கூட ஒரு வாய் அவருக்கு வெச்சிட்டுத்தான் குடிப்பேன்."

மொழிபெயர்த்தேன். இதில் ஒரு வார்த்தைகூட நான் மாற்றவில்லை. ஜிம்புன் கை அப்படியே நின்றது. "சிராஜ், நான் கேட்கப் போவதில்லை" என்றான்.

"என்னது?"

"போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். போய்விடலாம்."

எனக்கு வந்த கோபத்தில் பாயசம் புரையேறிவிட்டது. போனில் எடுத்தால் போதுமென்றால் போன வருஷமே அனுப்பச் சொல்லியிருக்க மாட்டேனா? உன் அக்காவுக்கு என்ன பதில் சொல்வாய்? கடல் தாண்டி வந்து, டிரைவர் என்று பெயர் வாங்கி, எல்லாம் எதற்கு? மலாயில் பொரிந்து தள்ளினேன். பத்மா பயந்துபோய், "சாம்பார்ல உப்பு ஜாஸ்தியா அண்ணா?" என்றாள்.

சரி, போனிலாவது ஒழுங்காக எடுப்போம் என்று பார்த்தால் கண்ணாடியில் டியூப்லைட் வெளிச்சம் அடித்தது. முப்பது வருஷச் சந்தனம் வேறு நெற்றியை மறைத்துக் காய்ந்து கிடந்தது. "கழட்டியே எடுத்துடலாம்" என்று மோகன் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தை இறக்கினான். பத்மா வேண்டா வெறுப்பாகச் சம்மதித்தாள். பின்பக்கப் பலகையின் ஆணியைக் காய் நறுக்கும் கத்தியால் நெம்பினான். பலகைக்கும் படத்துக்கும் நடுவிலிருந்து நாலாக மடித்த பழுப்புத் தாள் ஒன்று கீழே விழுந்தது. அதில் தமிழ் எழுத்து.

மோகன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தான்.

"இப்படத்திலுள்ள கோட்டும் தலைப்பாகையும் என்னுடையவை. படம் அவருடையது. ஆற்றுக்குப் போனவர் நான் ஊர் திரும்பும்வரை வரவில்லை. எப்போதாவது கேட்டு வந்தால் தாமதிக்காமல் கொடுத்துவிடவும். இப்படிக்கு, வேதாசலம்."

பத்மா தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். படத்தைப் பார்த்தாள். ஜிம்புனைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்மா" என்றேன். பிறகு மொத்தக் கதையையும் சொன்னேன், பச்சை குத்திய ஏழு விரல்களை மட்டும் விட்டுவிட்டு.

"அப்போ நான் முப்பது வருஷமா கோட்டுக்கா கற்பூரம் காட்டினேன்?"

"தலைப்பாகைக்கும்தான்" என்றான் மோகன். தோளில் கிடந்த துண்டு அவன் மேல் பறந்து வந்து விழுந்தது.

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "நாளைக்கு வாங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் தாம்பரத்தில் தங்கியிருந்த லாட்ஜிலிருந்து இறங்கி ஒரு தள்ளுவண்டியில் இட்லி சாப்பிட்டோம். நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். ஜிம்புன் ஆறு இட்லி தின்றான். ரயில்வே மேம்பாலத்தில் நின்று கீழே பிளாட்பாரத்தில் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்து, "ஒரு ரயிலில் எங்கள் நீளவீடு முழுக்க ஏறிவிடும் போலிருக்கிறதே" என்றான். கவலையே இல்லாத பிறவி என்று திட்டத் திரும்பினேன். பாலத்தின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தான். திட்டுவதை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவைக் கைகாட்டினேன்.

"எங்க ஜி?" என்றார் டிரைவர் ஜிம்புனைப் பார்த்து.

"அஸ்தினாபுரம்" என்றான் ஜிம்புன், என்னை முந்திக்கொண்டு.

பத்மா தலைக்குக் குளித்து, புடவை மாற்றிக் காத்திருந்தாள். தூங்கவில்லை என்று முகம் சொன்னது. சட்டத்திலிருந்து வெளியே எடுத்த படம் மேஜை மேல் இருந்தது. பக்கத்தில் வேதாசலத்தின் தாள். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"கேட்டு வந்தா குடுக்கணும்னு தாத்தா எழுதியிருக்கார். இவர் வந்துதான் இருக்கார், கேக்கவே இல்லையே. ஏன் கேக்கலன்னு கேளுங்க."

கேட்டேன். ஜிம்புன் நிதானமாகப் பதில் சொன்னான். "எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு பெயரும் ஒரு கதையும்தான் இருந்தது. இங்கே அவருக்குத் தினமும் காபி கிடைத்திருக்கிறது. நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்?"

மொழிபெயர்த்தேன். பத்மா அவனை உற்றுப் பார்த்தாள்.

"அதே முகத்த வெச்சுக்கிட்டுத்தான். கேக்கச் சொல்லுங்க. கேட்டாத்தான் குடுப்பேன், தாத்தா சொன்னபடி."

ஜிம்புன் எழுந்து நின்றான். சட்டையைச் சரிசெய்துகொண்டான். மலாயில் அல்ல, அவனுடைய இபான் மொழியில், பத்மாவிடம் இல்லாமல் அந்தப் பழுப்புத் தாளைப் பார்த்துக் கேட்டான். நீளமாகப் பேசினான். எனக்கு இபான் பாதிதான் புரியும். புரிந்த பாதியைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"வேணாம் அண்ணா. புரிஞ்சிடுச்சு" என்றாள்.

படத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கண்ணாடியும் சந்தனமும் இல்லாமல் ஞாங்காவின் நெற்றியை அப்போதுதான் அந்த வீட்டில் எல்லோரும் முதல் தடவை முழுதாகப் பார்த்தோம். கொஞ்சம் கர்வமான நெற்றி. கோட்டு அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியிருந்தது.

"பேர் என்ன?" என்று பத்மா கேட்டாள்.

"ஞாங்காவ்."

அவள் மூன்று தடவை சொல்லிப் பார்த்துச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். மோகன் வேதாசலத்தின் தாளைப் பழைய சட்டத்துக்குள் வைத்து அதே ஆணியில் மாட்டினான். இத்தனை வருஷம் அந்த மனுஷன் முதுகைக் காட்டிக்கொண்டு பின்னாலேயே இருந்திருக்கிறார். "தாத்தா கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று மோகன் சொன்னான். பத்மா அவனை அதட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, 'இப்படிக்கு' என்ற வார்த்தைக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு. இத மட்டும் விடாம அப்படியே சொல்லுங்க. இத்தனை வருஷமா இவருக்கு எங்க வீட்டு சைவச் சாப்பாடு. ஊருக்குப் போன உடனே கறி, மீனுன்னு படைச்சா வயிறு தாங்காது. முதல் ஒரு வாரம் தயிர் சாதம் குடுக்கணும். அப்புறம் மெள்ள மெள்ளத்தான் மாத்தணும்."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஜிம்புன் சிரிக்கவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு பையிலிருந்து பேனாவையும் நோட்டையும் எடுத்தான்.

"தயிர் சாதம் எப்படிச் செய்வது என்று கேள்" என்றான். பத்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல சோத்த நல்லா கொழைய விடணும்" என்றாள்.

அவன் எழுதிக்கொண்டான்.